கோகோபீட் பையில் ஸ்ட்ராபெரி: எது கெட்டால் எங்கே பார்ப்பது?

போன மே மாதம் ஒரு மதியம். கலிஃபோர்னியாவின் வாட்சன்வில் பக்கத்தில் ஒரு தோட்டம். மேசை வரிசையில் வைத்த கோகோபீட் (தென்னை நார்க்கழிவு) பைகளில் பத்துப் பன்னிரண்டு ஸ்ட்ராபெரிச் செடிகள் தலையைத் தொங்கப்போட்டிருந்தன. ஒருவர் வேர் அழுகல் என்றார், இன்னொருவர் ஃபியூசேரியம் வாடல் என்றார். மூன்றாமவர் படம் எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியே விட்டார். நான் ஒரு பையின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினேன். பஞ்சு மூட்டை மாதிரி லேசாக வந்தது. வரிசைத் தலைப்பில் லேட்டரல் குழாய் (வரிசை நெடுகத் தண்ணீர் கொண்டுபோகும் குழாய்) கழன்று, காலையிலிருந்து விட்ட தண்ணீர் அத்தனையும் மேசைக்கு அடியில் ஓடிப் போயிருந்தது.

மண்ணில் நட்ட செடியாக இருந்தால் ஒரு வேளைத் தண்ணீர் தவறியது யாருக்கும் தெரிந்தே இருக்காது. பையில் அரை நாள் தாங்காது. மண்ணை விட்டு வெளியே வந்தால் மண்ணிலிருக்கும் நோய் விட்டுப்போகிறது, சரி. கூடவே மண் நமக்காகச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்த வேலையும் விட்டுப்போகிறது. தண்ணீரைச் சேர்த்து வைப்பது, உப்பைத் தாங்குவது, பி.எச். என்கிற அமில-காரத் தன்மையை ஏறாமல் இறங்காமல் பிடித்து வைப்பது எல்லாம் இனி நம் தலையில். நான் பார்க்கப் போகிற கோளாறுகளில் பெரும்பாதி இந்த இடத்தில்தான் கிளம்புகின்றன.

எனக்குச் சொந்த ஊர் பொள்ளாச்சிப் பக்கம். இங்கே நாலைந்து தோட்டங்களில் ஸ்ட்ராபெரிக்கு நீரும் உரமும் பார்க்கிற வேலை. கொடைக்கானல், ஊட்டிப் பக்கம் நிழல்வலைக்குள் பையில் வைத்துப் பார்க்கிறவர்களுக்கும் கீழே சொல்வதில் நிறையப் பொருந்தும். வெயிலும் தண்ணீரும் மட்டும் வேறு.

மண்ணை விட்டு ஏன் வந்தார்கள்?

தெரிந்தவர்கள் அடுத்த பகுதிக்குத் தாண்டிவிடலாம்.

கலிஃபோர்னியாக் கடற்கரையில் ஒரே நிலத்தில் வருடா வருடம் ஸ்ட்ராபெரி போட முடிந்ததற்குக் காரணம் மண்ணுக்குப் புகையூட்டியதுதான். 1960களிலிருந்து நடவுக்கு முன் மெத்தில் புரோமைடையும் குளோரோபிக்ரினையும் கலந்து மண்ணுக்குள் செலுத்தி, பிளாஸ்டிக் விரிப்பால் மூடிவிடுவார்கள். வெர்டிசிலியம் வாடல், நூற்புழு, களை விதை எல்லாம் ஒரே அடியில் போகும். மெத்தில் புரோமைடு ஓசோன் படலத்தை அரிக்கிறது என்று தெரிந்ததும் 1992-ல் அதை மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்குள் கொண்டுவந்தார்கள். வளர்ந்த நாடுகளுக்குக் கெடு 2005. ‘எங்களுக்கு மாற்று இல்லை’ என்று விதிவிலக்கு வாங்கி வாங்கி, கலிஃபோர்னியா ஸ்ட்ராபெரி 2016 வரை இழுத்தது. நடுவில் மாற்றாக வந்த மெத்தில் அயோடைடுக்கு 2010 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. எதிர்ப்பு வலுக்க, 2012 மார்ச்சில் தயாரித்த நிறுவனமே அதைத் திரும்பப் பெற்றது.

இப்போது இருப்பது குளோரோபிக்ரினும் 1,3-டைகுளோரோபுரோப்பீனும். வீடுகளுக்கு இத்தனை அடி தள்ளித்தான் போட வேண்டும் என்று விதி. 2018-லிருந்து பள்ளிக்கூடத்துக்குக் கால் மைலுக்குள் வார நாட்களில் காலை 6 முதல் மாலை 6 வரை புகையூட்டக் கூடாது. பயிருக்குப் பக்கத்தில் ஊர் வளர வளர, புகையூட்ட முடியாத துண்டு நிலங்கள் பெருகின. போதாக்குறைக்கு மெத்தில் புரோமைடு குறைந்த அதே காலத்தில், 2005, 2006 வாக்கில், மேக்ரோஃபோமினா, ஃபியூசேரியம் என்ற இரண்டு மண் பூஞ்சாணங்களும் இங்கே தலைகாட்டின.

2012-ல் மாநிலப் பூச்சிமருந்து ஒழுங்குமுறைத் துறையும் கலிஃபோர்னியா ஸ்ட்ராபெரி கமிஷனும் சேர்ந்து மண்ணில்லா முறையை ஆராயப் பணம் ஒதுக்கின. ஹாலந்து, பெல்ஜியம், பிரிட்டன் எல்லாம் இதை எப்போதோ செய்துவிட்டன. கலிஃபோர்னியா முழுக்க இதற்கு மாறிவிடும் என்று நான் நினைக்கவில்லை. செலவு கட்டுப்படியாகாது. புகையூட்ட வழியில்லாத ஓரத் துண்டுகளுக்கு இது நல்ல வழி. அவ்வளவுதான்.

முதலில் கையில் இருக்க வேண்டியவை

ஒரு ஈ.சி. மீட்டர் (ஈ.சி. என்பது மின்கடத்துதிறன், தண்ணீரில் கரைந்த உப்பு கூடக் கூட அது ஏறும்), ஒரு பி.எச். மீட்டர், இரண்டு வாளி. ஒரு வாளியில் ஒரு டிரிப்பரை (சொட்டு நீர் விடும் முனை) தனியாகச் சொருகி விடுங்கள்: உள்ளே போகிற உரநீர் எவ்வளவு என்று அது சொல்லும். இன்னொன்றை ஒரு பையின் வடிகால் வாய்க்கு அடியில் வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில் இரண்டு வாளியிலும் அளவு, ஈ.சி., பி.எச். மூன்றையும் குறித்து வையுங்கள். ஒரு பையில் 4 டிரிப்பர், ஒவ்வொன்றும் நாள் முழுக்க 600 மில்லி விட்டால் மொத்தம் 2,400. வடிந்தது 480 என்றால் 20 சதம். எனக்கு 15-லிருந்து 25 சதம் வரை வடிந்தால் நிம்மதி.

எண்களில் நான் பிடித்து வைப்பது: உரநீர் ஈ.சி. 1.2 முதல் 1.4, பி.எச். 5.6 முதல் 6.0. வடிநீர் ஈ.சி. உரநீரைவிட 0.5-க்கு மேல் கூடக் கூடாது. இந்த ஈ.சி. எண்கள் எல்லாம் செ.மீ.க்கு மில்லிசீமென்ஸ் கணக்கு. ஸ்ட்ராபெரி உப்புக்கு மகா பயந்த செடி. மண்ணிலேயே ஈ.சி. 1.0-ஐத் தாண்டினால் விளைச்சல் இறங்கத் தொடங்கிவிடும்.

மீட்டரை வாரம் ஒருமுறை சரிபாருங்கள். ஈ.சி.க்கு 1.413 கரைசல், பி.எச்.க்கு 4-ம் 7-ம். இதைச் செய்யாமல் என்னிடம் எண் சொல்கிறவர்களிடம் நான் எதையும் சொல்வதில்லை. தவறான மீட்டரை நம்பி ஒரு மாதம் அமிலம் ஊற்றிய ஆள் நானே.

நட்ட இரண்டு மூன்று வாரத்திலேயே இலை ஓரம் கருகுகிறது, வேர் ஓடவில்லை

புது கோகோபீட்டைச் சந்தேகப்படுங்கள். பொள்ளாச்சிக்காரன் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தேங்காய் மட்டையிலேயே பொட்டாசியமும் சோடியமும் குளோரைடும் நிறைய. ஊறவைத்த தண்ணீர் உப்பாக இருந்தால் இன்னும் கூடும். நார்க்கழிவின் ஒவ்வொரு துகளும் பஸ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சீட்டில் எல்லாம் பொட்டாசியமும் சோடியமும் உட்கார்ந்திருக்கின்றன. வெறும் தண்ணீரில் கழுவினால் நின்றுகொண்டிருப்பவர்கள் மட்டும் இறங்குவார்கள். உட்கார்ந்தவர்களை எழுப்ப கால்சியம் ஏற வேண்டும். நாம் அதை முன்கூட்டியே செய்யாவிட்டால், செடிக்கென்று ஊற்றுகிற கால்சியமும் மெக்னீசியமும் போய் சீட்டில் உட்கார்ந்துவிடும். எழுந்த சோடியம் வேரைச் சுற்றி நிற்கும். கழுவிய கோகோபீட், கால்சியம் ஏற்றிய (‘பஃபர்’ செய்த) கோகோபீட் என்று இரண்டு ரகம் விற்பது இதனால்தான்.

ஒருமுறை ஊரில் மில் வைத்திருக்கும் அண்ணன் ஒருவரிடம் விலை கேட்டேன்.

“கழுவுனதுக்கு ஒரு ரேட்டுங்க தம்பி, பஃபர் பண்ணதுக்கு ஒரு ரேட்டு. எதுன்னே சொல்லாம பேரம் பேசுறவங்களுக்கு எதை ஏத்துவேன்னு நெனைக்கறீங்க?”

“கழுவாததைத்தானுங்கண்ணா.”

“அப்புறம் செடி கருகுதுன்னு எனக்கே போன் பண்ணுவாங்க.”

சோதிப்பது எளிது. ஊறிய கோகோபீட் ஒரு டம்ளர், காய்ச்சி வடித்த நீர் ஒன்றரை டம்ளர். கலக்கி அரை மணி நேரம் விட்டு, துணியில் பிழிந்து ஈ.சி. பாருங்கள். 0.5-க்குக் கீழே இருந்தால் நடலாம். 1.0-க்கு மேல் என்றால் நடாதீர்கள். ஆனால் இந்தச் சோதனை நிற்பவர்களைத்தான் எண்ணும், உட்கார்ந்தவர்களை அல்ல. கழுவி மட்டும் வந்த சரக்கு இதில் அழகாகத் தேறிவிடும். அதனால் ரசீதில் ‘பஃபர்’ என்ற சொல் இல்லையென்றால் நான் மறுபடி ஊறவைத்துவிடுவேன். ஒரு 5 கிலோ கட்டிக்கு 40 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் கால்சியம் நைட்ரேட். ஒரு ராத்திரி ஊறட்டும். மறுநாள் வடித்துவிட்டு, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, பிழிந்த நீரின் ஈ.சி.யைத் திரும்பப் பாருங்கள்.

ஏற்கெனவே நட்டாயிற்று என்றால்? ஈ.சி. 0.8-க்குக் குறைத்து, அதில் பெரும்பகுதி கால்சியம் நைட்ரேட்டாக இருக்கும்படி கலந்து, மூன்று நான்கு நாள் காலையில் தாராளமாக வடியும் அளவுக்கு விடுங்கள். கருகிய இலை திரும்பாது. புதிதாக வருகிற இலையைப் பாருங்கள்.

பி.கு.: எண்கள் எல்லாம் சரியாக இருந்தும் செடி கிளம்பவில்லை என்றால் நட்ட ஆழத்தைப் பாருங்கள். கிரவுன், அதாவது இலைகள் கிளம்பும் அந்தக் குட்டைத் தண்டு, பாதிக்கு மேல் வெளியே தெரிய வேண்டும். பஞ்சுபோல் இருக்கிற கோகோபீட் இரண்டு மூன்று தண்ணீரில் அமுங்கும். அதைப் பார்த்து யாராவது மேலே கோகோபீட் போட்டு மூடியிருப்பார்கள். குருத்து அழுக அது போதும்.

மதியம் வாடுகிறது

நிறையப் பேர் குழம்புவது இங்கேதான். இலையைப் பார்க்காதீர்கள். எத்தனை செடி, எந்த வடிவத்தில் வாடுகிறது என்று முதலில் பாருங்கள்.

*வரிசை முழுக்க, அல்லது ஒரு இடத்திலிருந்து கடைசி வரை:* நோய் இப்படிக் கோடு போட்டு வராது. குழாய், வால்வு, ஃபில்டர். பையைத் தூக்கிப் பாருங்கள், எடை சொல்லிவிடும். கோகோபீட்டில் ஒரு நல்ல குணம், காய்ந்தாலும் மறுபடி தண்ணீரை இழுத்துக்கொள்ளும். பீட் மாஸ் (சதுப்பு நிலத்தில் மக்கிய பாசி) அப்படியல்ல, ஒருமுறை நன்றாகக் காய்ந்தால் தண்ணீரை ஒட்டவிடாது. அதனால் கோகோபீட் பைக்கு ஒரேயடியாகக் கொட்டாமல் மூன்று நிமிடம், இருபது நிமிட இடைவெளி, மூன்று நிமிடம் என்று நனைத்தால் மாலைக்குள் நிமிரும்.

*ஒரு பையில் எல்லாச் செடியும்:* அந்தப் பையின் டிரிப்பர் அடைத்திருக்கும், இல்லை வடிகால் கீறல் போடாமல் விட்டிருப்பார்கள். கீறல் இல்லாத பை கனமாக இருக்கும், ஆனால் செடி வாடும். வேருக்குக் காற்று இல்லை. பையின் அடிப்பக்கம் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கித்தான் நிற்கும். கீறல் அடியிலிருந்து இரண்டு விரல் மேலே போட்டிருந்தால் அந்த இரண்டு விரலும் குளம்.

டிரிப்பர் அடைப்புக்கு ஒரு வார்த்தை. கால்சியம் நைட்ரேட்டை சல்பேட், பாஸ்பேட் உரங்களோடு ஒரே அடர்கரைசல் தொட்டியில் கலந்தால் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகத் திரளும். ஏ தொட்டி, பி தொட்டி என்று பிரிப்பதே இதற்காக. ஆள் மாறும் வாரத்தில்தான் இந்தத் தப்பு நடக்கும். நான் ஏ தொட்டிக்குச் சிவப்பு மூடியும் பி தொட்டிக்கு நீல மூடியும் போட்டு, கால்சியம் மூட்டையின் மேலும் சிவப்பு டேப் ஒட்டி வைத்திருக்கிறேன்.

*எல்லாச் செடியும், உச்சி வெயிலில் மட்டும், பை ஈரமாக இருக்கும்போதே:* பைக்குள் ஒரு தெர்மாமீட்டரைக் குத்திப் பாருங்கள். வேருக்கு 18-லிருந்து 23 டிகிரி பிடிக்கும். வெயில் விழும் பக்கத்தில் 30-ஐத் தாண்டியிருந்தால் வேர் உறிஞ்சுவதை விட்டுவிடும். கறுப்புப் பை வாங்கியவர்களுக்கு இது தலைவலி. வெள்ளையை வெளிப்பக்கமாகப் போடுங்கள். இலை வளர்ந்து மூடும் வரை ஒரு நிழல்வலைப் பட்டையைத் தொங்கவிடுங்கள்.

*அங்கொன்றும் இங்கொன்றுமாக, பக்கத்துச் செடி நன்றாக இருக்கும்போது:* இப்போது நோயை நினைக்கலாம். வாடிய செடியைப் பிடுங்கி, கிரவுனை நெடுக்குவாட்டில் கத்தியால் பிளந்து பாருங்கள். நல்ல கிரவுன் உள்ளே வெள்ளைக் கிழங்கு மாதிரி இருக்கும்.

வேரை விரலால் உருவினால் மேல்தோல் கழன்று உள்ளே நூல் மட்டும் மிஞ்சினால் பித்தியம் வேர் அழுகல். அதிகத் தண்ணீரோடு வருவது. நீர் அட்டவணையைக் குறையுங்கள். கிரவுனில் செந்நிறத் திட்டுகள் சலவைக்கல் மாதிரி ஓடினால் ஆந்த்ராக்னோஸாக இருக்கலாம். கிரவுன் மேல்பகுதி பழுப்பாகி, இழுத்தால் வேரை விட்டு முறிந்து வந்தால் ஃபைட்டோஃப்தோரா. வெளி இலைகள் காய்ந்து, நடுக்குருத்து மட்டும் பச்சையாக நின்று, உள்ளே ஆரஞ்சும் பழுப்புமாக இருந்தால் ஃபியூசேரியமோ மேக்ரோஃபோமினாவோ. இந்த இரண்டையும் கண்ணால் பிரிக்கவே முடியாது. பிரித்துச் சொல்கிற ஆள் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள், ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்கள். பாதி வாடிய செடியை அனுப்புங்கள். செத்த செடியில் வேறு பூஞ்சாணங்கள் குடியேறி இருக்கும்.

“மண்ணே இல்லையே, மண் நோய் எங்கிருந்து வந்தது?” என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார்கள். பெரும்பாலும் நாற்றோடுதான் வந்தது. நாற்றங்காலில் ஒட்டிக்கொண்ட ஃபைட்டோஃப்தோராவும் ஆந்த்ராக்னோஸும் பைக்குள் சொகுசாக வளரும். ஈரமான வேர்ச்சூழல், எதிரி கிருமிகள் குறைவு. அடுத்தது மண் ஒட்டிய பூட்ஸ். மேசை இல்லாமல், மண்பாத்தியின் மேலேயே பள்ளம் எடுத்துத் துணி விரித்து கோகோபீட் நிரப்புகிற தொட்டி முறை கலிஃபோர்னியாவில் உண்டு. இருக்கிற டிராக்டர், இருக்கிற ஆட்களை வைத்தே செய்யலாம், மலிவு. ஆனால் வேர் துணியைத் துளைத்துக் கீழே போனாலோ, மழையில் மண் தெறித்தாலோ மண்ணுக்குப் பயந்து செய்ததெல்லாம் வீண்.

ஃபியூசேரியம் உறுதியானால் மருந்து தேடி அலையாதீர்கள். அந்தப் பையை மூடிக் கட்டி வெளியேற்றுங்கள். அடுத்த நடவுக்கு ரகத்தை மாற்றுங்கள். சான் ஆண்ட்ரியாஸ், ஃப்ரான்டெராஸ் இரண்டுக்கும் இங்கே பரவியிருக்கும் ஃபியூசேரியத்தின் முதல் இனத்துக்கு எதிர்ப்புச் சக்தி உண்டு. மான்டெரே தாங்காது.

இளம் இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை

இரும்புச் சத்துக் குறை. ஆனால் பத்தில் எட்டு தடவை தொட்டியில் இரும்பு இருக்கும், வேரால் எடுக்க முடியாது. வடிநீரின் பி.எச். பாருங்கள். 6.8, 7 என்று இருந்தால் கதை புரிந்துவிடும்.

பி.எச். ஏன் ஏறியது? கிணற்று நீரில் பைகார்பனேட். உரநீர் கலக்கும்போது பி.எச். சரியாகத்தான் இருந்திருக்கும், பைக்குள் போய் ஏறியிருக்கும். நீர்ப் பரிசோதனையில் பைகார்பனேட் அளவைக் கேட்டு வாங்குங்கள். லிட்டருக்கு 61 மில்லிகிராம் என்றால் அது ஒரு மில்லிஈக்விவலென்ட் (அமிலக் கணக்குக்கான அலகு). அதில் ஐந்தில் நான்கு பங்கை அமிலத்தால் அடித்துவிட வேண்டும். மொத்தத்தையும் அடித்தால் பி.எச். தடாலென்று விழும். இன்னொரு காரணம், தழைச்சத்து முழுக்க நைட்ரேட்டாகக் கொடுப்பது. நைட்ரேட்டை உறிஞ்சும் வேர் சுற்றுப்புறத்தின் பி.எச்.ஐ ஏற்றும். பத்தில் ஒரு பங்கு அம்மோனியமாகக் கொடுத்தால் மெதுவாக இறங்கும். அதற்கு மேல் போகாதீர்கள்.

இரும்பை எந்த வடிவில் வாங்குகிறீர்கள் என்பதும் முக்கியம். ஈ.டி.டி.ஏ. என்ற பொருளோடு பிணைத்த இரும்பு பி.எச். 6-ஐத் தாண்டினாலே தள்ளாடும். டி.டி.பி.ஏ. 7 வரை தாங்கும். ஈ.டி.டி.எச்.ஏ. அதற்கு மேலும் தாங்கும், விலையும் அப்படித்தான். நான் டி.டி.பி.ஏ. போடுகிறேன். அவசரத்துக்கு மட்டும் ஈ.டி.டி.எச்.ஏ.

பி.எச். 5.8, ஆனாலும் மஞ்சள் என்றால் பையைப் பிழிந்து பாருங்கள். தொப்பலாக நனைந்த பையில் வேர் மூச்சுத் திணறினாலும் இதே மஞ்சள் வரும். இரும்பு ஊற்றி ஒன்றும் ஆகாது.

புது இலையின் நுனி மட்டும் கறுத்துச் சுருங்குகிறது

கால்சியம் போய்ச் சேரவில்லை. ‘இல்லை’ என்று சொல்லவில்லை, ‘போய்ச் சேரவில்லை’ என்கிறேன். கால்சியம் தண்ணீரோடு மட்டுமே பயணிக்கும். விரிந்த இலை பகலில் நன்றாக ஆவியாக்குகிறது, அதனால் எல்லாம் அங்கே போகிறது. மடங்கிய குருத்து ஆவியாக்குவதில்லை, அதற்கு இராத்திரி வேர் அழுத்தம்தான் தண்ணீர் ஏற்றித் தர வேண்டும். அதிகாலையில் இலை ஓரப் பற்களில் வரிசையாக முத்து முத்தாக நீர் நிற்கிறதா என்று போய்ப் பாருங்கள். பனித்துளி இலை முழுக்கப் பரவியிருக்கும். இது ஓரத்தில் மட்டும், பல்லுக்கு ஒன்றாக இருக்கும். இருந்தால் வேர் அழுத்தம் வேலை செய்கிறது. தொடர்ந்து சில நாள் காணவில்லை என்றால் இரண்டு வாரத்தில் நுனி கருகிய இலை வரும்.

காணாமல் போவதற்குப் பொதுவாக இரண்டு காரணம்: பைக்குள் ஈ.சி. கூடுதல், அல்லது இராத்திரிக் காற்று உலர்ந்திருப்பது. மாலையில் விடும் கடைசித் தண்ணீரின் ஈ.சி.யைக் குறைத்துப் பாருங்கள். டனல் (செடிக்கு மேலே போடும் பிளாஸ்டிக் கூடாரம்) ஓரங்களை மாலையே இறக்கிவிடுங்கள். இலைமேல் கால்சியம் தெளிப்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. குருத்துக்குள் அது நுழைவதில்லை.

வடிநீர் ஈ.சி. நாளுக்கு நாள் ஏறுகிறது, பழைய இலை ஓரம் பழுப்பு

உள்ளே 1.3, வெளியே 2.4. முதலில் வடிநீர் அளவைப் பாருங்கள். 5 சதம்தான் வடிகிறது என்றால் தண்ணீர் போதவில்லை, உப்பு பையிலேயே தங்குகிறது. ஒரு தடவைக்கு விடும் அளவைக் கூட்டாதீர்கள், தடவைகளைக் கூட்டுங்கள். சூரியன் உதித்து ஒன்றரை மணி நேரத்தில் முதல் தண்ணீர், மறைவதற்கு இரண்டு மணி முன்னால் கடைசி. நடு மதியத்துக்குள் வடிய ஆரம்பித்திருக்க வேண்டும்.

பயந்துபோய் வெறும் தண்ணீரை மணிக்கணக்கில் விட்டு அலசுகிறவர்கள் உண்டு. வேண்டாம். பழம் நீர்த்துப்போய்த் தோல் வெடிக்கும். ஈ.சி. 0.8-ல் இரண்டு மூன்று நாள் விட்டால் தானாக இறங்கும்.

நன்றாக வடிந்தும் ஏறுகிறது என்றால் தண்ணீரிலேயே சங்கதி இருக்கிறது. இங்கே பஹாரோ பள்ளத்தாக்கில் நிலத்தடி நீரை இறைத்து இறைத்துக் கடல்நீர் உள்ளே வந்துவிட்டது. கடலோரத் தோட்டங்களுக்கு வாட்சன்வில்லில் சுத்திகரித்த கழிவுநீரைக் கலந்து கொடுக்கிறார்கள். கிணற்று நீரே ஈ.சி. 0.8 என்று வந்தால், 1.3 வரை போக உரத்துக்கு மிச்சம் 0.5 இடம்தான். மீட்டர் 1.3 காட்டும், செடியோ பட்டினி. மீட்டருக்கு உப்பும் ஒன்றுதான், உரமும் ஒன்றுதான். குளோரைடு அதிகமுள்ள நீரில் மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் (பொட்டாசியம் குளோரைடு) பக்கமே போகாதீர்கள், பொட்டாசியம் சல்பேட் அல்லது நைட்ரேட் மட்டும். மழைநீரைச் சேர்த்துக் கலக்க வசதி இருந்தால் அதைவிட நல்ல மருந்து இல்லை.

பழம் கோணல்மாணல்

ஸ்ட்ராபெரியின் மேல் ஒட்டியிருக்கும் ‘விதை’கள்தான் உண்மையில் கனிகள். நாம் சாப்பிடும் சதை, பூக்காம்பின் தலை வீங்கியது. ஒவ்வொரு விதையும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனைச் சுரந்து தன்னைச் சுற்றியுள்ள சதையை வளர்க்கிறது. 1950-ல் நிச் என்ற தாவரவியலாளர் விதைகளைக் கிள்ளி எடுத்து, எடுத்த இடத்தில் சதை வளராததைக் காட்டினார். அதனால் கோணல் பழம் கிடைத்தால் லென்ஸை எடுத்து, அமுங்கிய இடத்திலுள்ள விதைகளைப் பாருங்கள்.

விதை பொடிசாக, வளரவே இல்லை என்றால் மகரந்தம் சேரவில்லை. குளிர், மழை, டனலுக்குள் தேனீ வராதது. விதை பெரிதாக, வைக்கோல் நிறத்தில், நசுக்கினால் உள்ளே வெற்றாக இருந்தால் லைகஸ் பூச்சி குத்தியது. கலிஃபோர்னியாவில் இதுதான் அதிகம். பக்கத்துக் களைகளில் பெருகி, அவை காய்ந்ததும் ஸ்ட்ராபெரிக்கு வரும். மேசையில் வைத்தாலும் பறந்து வருகிறதற்கு என்ன தடை? இந்தியாவில் இருப்பவர்கள் இந்த இடத்தில் இலைப்பேனையும் பாருங்கள்.

தோட்டம் முழுக்க, எல்லா ரகத்திலும், வாரக்கணக்கில் கோணல் என்றால் போரான். கோகோபீட்டில் இயற்கையாக வரும் போரான் குறைவு, உரத்தில் மறந்திருப்பார்கள். ஆனால் குறைக்கும் மிகைக்கும் இடைவெளி மிகச் சிறியது. இலைப் பரிசோதனை இல்லாமல் போராக்ஸ் டப்பாவைத் திறக்காதீர்கள்.

சின்னச் சின்ன தொல்லைகள்

பை மேல் பச்சைப் பாசி, கொசு மாதிரி கறுப்புப் பூச்சி பறக்கிறது: மேற்பரப்பு காயவே இல்லை என்று பொருள். மாலைத் தண்ணீரை நிறுத்துங்கள். புழுக்கள் இளவேரைத் தின்னும் அளவுக்குப் போனால் ஸ்டைனர்னீமா ஃபெல்டியே என்ற நன்மை செய்யும் நூற்புழுவை ஊற்றலாம்.

இலை கிண்ணம் மாதிரி மேலே சுருண்டு, அடியில் வெள்ளைப் பூச்சு: சாம்பல் நோய். இதற்கு இலை நனையத் தேவையில்லை, அதனால் டனலுக்குள் நன்றாகவே வரும். கந்தகம் கேட்கும். ஆனால் 30 டிகிரியைத் தாண்டும் நாளிலும், எண்ணெய் மருந்து தெளித்த இரண்டு வாரத்துக்குள்ளும் அடித்தால் இலை கருகும்.

இலை மங்கி வெண்கல நிறம், அடியில் தூசி மாதிரி நகர்கிறது: சிலந்திப்பேன். வண்டிப்பாதை ஓரத்து வரிசையில் முதலில் வரும். சிலந்திப்பேனையே தின்னும் கொன்றுண்ணிப் பேனான பெர்சிமிலிஸை விட வேண்டுமானால், பத்து இலையில் ஒன்றிரண்டில் தெரியும்போதே விடுங்கள். வலை பின்னிய பிறகு விட்டால் அது ஜெயிக்க நாளாகும்.

இரண்டாம் வருடம் அதே பை, அதே அட்டவணை, விளைச்சல் மட்டும் இல்லை

கோகோபீட் ஒரு வருடத்தில் மக்கி அமுங்கும். துகள் சிறுத்து, தண்ணீர் அதிகம் பிடிக்கும், காற்று குறையும். போன வருடம் சரியாக இருந்த ஐந்து நிமிடம் இந்த வருடம் மூழ்கடிக்கும். வடிகால் கீறல்களில் பழைய வேர் அடைத்திருக்கும், கத்தியால் மறுபடி கீறுங்கள். ஒரு தடவைக்கு விடும் அளவைப் பாதியாக்கி, வடிநீர் வாளியைப் பார்த்து ஏற்றுங்கள். நடுவதற்கு முன் பிழிந்த நீரின் ஈ.சி.யைப் பார்த்தே ஆக வேண்டும். போன பருவத்து உப்பு அப்படியே உட்கார்ந்திருக்கும்.

நோயே வராத வரிசையை இரண்டு வருடம் ஓட்டுவேன். மூன்றாவது வருடத்துக்கு ஆசைப்பட மாட்டேன். மேக்ரோஃபோமினா வந்த வரிசை ஒரே வருடம்தான், அந்தக் கோகோபீட்டை எந்தப் பயிருக்கும் எருவாகப் போடவும் கூடாது. அது நூற்றுக்கணக்கான செடிகளைப் பிடிக்கும் பூஞ்சாணம். ஃபியூசேரியத்தின் இந்த இனமாவது ஸ்ட்ராபெரியோடு நின்றுவிடும்.

பழைய பைகளை எப்போது, யார் தூக்குகிறார்கள் என்பதையும் பாருங்கள். போன நவம்பரில் ஒரு தோட்டத்தில் காலையில் நோய்ப் பைகளைச் சுமந்து கொட்டிய டிரெய்லரிலேயே, கழுவாமல், மதியம் புதுப் பைகளை ஏற்றி வந்தார்கள். ஏப்ரலில் முதலில் வாடியது, அந்த டிரெய்லர் நின்று இறக்கிய முனையில் இருந்த நான்கு பைகள்.